படம் தொடங்கும் முன்பே பயமுறுத்தும் 10 வினாடி! பேய்ப்பட கம்பெனி 'லோகோ' உருவாவது எப்படி? கல்வராயன்மலை குறும்பட வாலிபர்கள் கவனத்துக்கு...

கள்ளக்குறிச்சி:

தியேட்டரில் லைட் அணைகிறது. புகையிலை எச்சரிக்கை ஓடி முடிகிறது. தணிக்கை சான்றிதழ் வந்து போகிறது. அடுத்து திரை முழுக்க கும்மிருட்டு.

எங்கேயோ ஒரு கதவு 'கிரீச்' என்று திறக்கிறது. முன்வரிசையில் இருக்கும் சின்னப்பையன் அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொள்கிறான். பின்வரிசை வாலிபர்கள் பயத்தை மறைக்க விசில் அடிக்கிறார்கள்.

ஆனால் படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வந்தது வெறும் கம்பெனி பேர்தான்!

இதைத்தான் சினிமாக்காரர்கள் 'லோகோ' என்கிறார்கள். படத்தை தயாரித்த நிறுவனத்தின் சின்னம், அசைந்து, சத்தம் போட்டு, தன் பெயரை சொல்லிவிட்டு மறையும். மொத்தமே 10 வினாடி, மிஞ்சினால் 20 வினாடி. பேய் படம் எடுக்கும் வெளிநாட்டு கம்பெனிகள் இந்த 10 வினாடிக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறை கொஞ்சநஞ்சமல்ல.

சரி, இந்த சேதி கள்ளக்குறிச்சி பக்கத்தில் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கச்சிராயப்பாளையம், சின்னசேலம் என்று எந்த ஊரை எடுத்தாலும் செல்போனில் குறும்படம் எடுத்து யூடியூப்பில் போடும் வாலிபர்கள் இருக்கிறார்கள். அதில் பாதிக்கு பாதி பேய் கதை. கேட்டால், "பேய் படத்துக்கு ஹீரோயின் வேணாம், சண்டை வேணாம், செலவு கம்மி சார்" என்பார்கள். நியாயம்தான். போதாக்குறைக்கு பக்கத்திலேயே கல்வராயன்மலை. வெள்ளிமலை ரோட்டில் மார்கழி பனி இறங்கினால் எதிரே வருவது ஆளா, மாடா என்று தெரியாது. செட் போடவே வேண்டாம்.

எல்லாம் சரியாக செய்பவர்கள் ஒரே ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில், இன்டர்நெட்டில் கிடைக்கும் ஏதோ ஒரு ஹாலிவுட் பேய்ப்பட கம்பெனியின் லோகோவை அப்படியே இறக்கி ஒட்டிவிடுகிறார்கள். கெத்தாக இருக்கிறதாம். அது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்பதை கடைசியில் பார்ப்போம்.

முதல் பயம் சத்தத்தில்தான்

முதலில், இந்த 10 வினாடி ஏன் இப்படி பயமுறுத்துகிறது?

பேய் படத்தில் பேயை காட்டிவிட்டால் பாதி பயம் போய்விடும். 'இவ்வளவுதானா' என்று மனசு சொல்லிவிடும். காட்டாத வரைக்கும்தான் வயிற்றில் புளி கரைக்கும். படம் நடக்கும் இரண்டரை மணி நேரத்தில் பேயை காட்டாமல் எப்போதும் இழுத்தடிக்க முடியாது. ஆனால் லோகோவில் முடியும். அங்கே கதை கிடையாது, ஆள் கிடையாது, காரணம் கிடையாது. இருட்டு, சத்தம், அவ்வளவுதான். 'இனிமே நீ என் கையில்' என்று கம்பெனிக்காரன் ரசிகனிடம் சொல்லும் முதல் வார்த்தை அது.

இதில் படத்தைவிட சத்தத்துக்குத்தான் வேலை அதிகம்.

மனிதக் காதுக்கு கேட்பது சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. இதில் அடிமட்டத்தில் இருக்கும் ஒலியை காதால் கேட்பதைவிட நெஞ்சால் உணர்கிறோம் என்று சொல்லலாம். திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நின்றால் நெஞ்சு அதிருமே, அதுதான். தியேட்டர்களில் '5.1' சவுண்ட் என்று போர்டு வைத்திருப்பார்கள். அந்த 5 என்பது முன்னாலும் பக்கத்திலும் உள்ள ஸ்பீக்கர் வரிசை. புள்ளிக்கு அப்புறம் வரும் அந்த 1, இந்த அதிர்வுக்கென்றே ஒதுக்கிய தனி வழி. பேய்ப்பட லோகோவில் முதலில் வேலை செய்வது அந்த 1 தான். திரையில் ஒன்றும் தெரியாது. சீட்டு மட்டும் 'உம்ம்ம்' என்று உறுமும்.

அடுத்து திடீரென்று எல்லா சத்தமும் நிற்கும். அந்த அமைதிதான் கொடுமை. 'இப்போ வரும், இப்போ வரும்' என்று ரசிகன் தன்னைத்தானே பயமுறுத்திக்கொள்வான். அப்புறம் ஒரே ஒரு அடி. குழந்தைகள் அலறிவிடும்.

இந்த சத்தமெல்லாம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பல சமயம் சமையல் அறையில் இருந்து! எலும்பு முறியும் சத்தத்துக்கு ஹாலிவுட்டில் காலம் காலமாக 'செலரி' என்ற கீரைத்தண்டை மைக் முன்னால் வைத்து முறிக்கிறார்கள். பழைய மரக்கதவு, துருப்பிடித்த கீல், கிணற்று ராட்டினம் எல்லாமே அவர்களுக்கு வாத்தியம்தான். சாதாரண பேச்சை தலைகீழாக ஓடவிட்டால் பேய் முணுமுணுப்பதுபோல இருக்கும்.

10 வினாடிக்கு 240 படம்

இனி கண்ணுக்கு தெரியும் பக்கம். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அப்படியானால் 10 வினாடி லோகோவுக்கு 240 படங்கள்.

முதலில் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைவார்கள். எந்த வினாடியில் என்ன தெரியவேண்டும் என்று அதிலேயே முடிவாகிவிடும். பிறகு கம்ப்யூட்டரில் வீடு, கதவு, எழுத்து என்று ஒவ்வொன்றையும் பொம்மை செய்வதுபோல செய்து, அதன் மேல் துரு, தூசி, ஒட்டடை எல்லாம் பூசுவார்கள். கேமரா எங்கிருந்து எங்கே போகவேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்தில் விழவேண்டும் என்பது அடுத்த கட்டம். பேய்ப்பட லோகோவில் வெளிச்சத்தை கூட்டுவது பெரிய வேலை இல்லை, குறைப்பதுதான் வேலை.

கடைசியில் கம்ப்யூட்டர் அந்த 240 படங்களையும் ஒவ்வொன்றாக தயாரித்துக் கொடுக்கவேண்டும். ஒரு படத்துக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 20 மணி நேரம் ஆகிவிடும். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மலை அடிவாரத்து ஊர்க்காரர்களிடம் சொல்லவே வேண்டாம்!

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் சாப்ட்வேர் வாங்கவேண்டும் என்று நினைக்கவேண்டாம். 'பிளெண்டர்' என்ற சாப்ட்வேர் முழுக்க முழுக்க இலவசம். அதில் உருவான 'ப்ளோ' என்ற படம் 2025-ம் ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதையே வாங்கிவிட்டது. லாத்வியா என்ற குட்டி நாட்டைச் சேர்ந்த டைரக்டர் எடுத்த படம் அது. படத்தில் ஒரு வசனம்கூட கிடையாது. ஒரு பூனை, வெள்ளம், அவ்வளவுதான்.

எச்சரிக்கை விட்ட ஹாலிவுட்

ஹாலிவுட்டின் பேய் படங்களுக்கு ஆரம்பத்தில் தனி லோகோ எதுவும் கிடையாது. 1931-ல் யுனிவர்சல் கம்பெனி 'டிராகுலா', 'பிராங்கன்ஸ்டைன்' என்று இரண்டு படங்களை எடுத்து உலகத்தையே கலக்கியது. அப்போது அந்த கம்பெனியின் சின்னம், பூமி உருண்டையை ஒரு குட்டி விமானம் சுற்றி வருவது. காமெடி படமானாலும் அதே விமானம்தான், ரத்தக்காட்டேரி படமானாலும் அதே விமானம்தான்.

அது போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, 'பிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கத்தில் ஒரு நடிகரை திரைச்சீலைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த கதை உங்களை நடுங்க வைக்கலாம், எச்சரித்துவிட்டோம் என்கிற மாதிரி அவர் பேசிவிட்டு போவார். பேய்ப்பட லோகோ செய்யும் வேலையை அன்றைக்கு அந்த மனிதர் செய்தார்.

1959-ல் வில்லியம் கேசில் என்ற டைரக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு படத்துக்கு தியேட்டரில் ரசிகர்கள் தலைக்கு மேலே எலும்புக்கூட்டை கயிற்றில் பறக்கவிட்டார். இன்னொரு படத்துக்கு சீட்டுக்கு அடியில் அதிரும் கருவியை பொருத்தினார். அவர் நினைவாகத்தான் 'டார்க் கேசில்' என்று பெயர் வைத்து பிற்காலத்தில் ஒரு பேய்ப்பட கம்பெனியே தொடங்கினார்கள். 1999-ல் வந்த அதன் முதல் படம், கேசில் எலும்புக்கூட்டை பறக்கவிட்ட அதே கதைதான்.

இன்றைக்கு பேய்ப்பட லோகோ என்றால் உலகம் முழுக்க ரசிகர்கள் முதலில் சொல்வது 'புளும்ஹவுஸ்' பெயரைத்தான். ஜேசன் புளும் என்பவர் 2000-ம் ஆண்டு தொடங்கிய கம்பெனி. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற படம் வெறும் 15 ஆயிரம் டாலரில் எடுக்கப்பட்டு, 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்த கதை சினிமா உலகத்தில் பிரசித்தம். அந்த கம்பெனியின் லோகோவே ஒரு பேய் வீடுதான். ஆளில்லாத அறை, தானாக நகரும் சாமான், சிமிட்டும் பல்பு, நிழலாக ஒரு பெண் உருவம். எல்லாம் கண் மூடி திறப்பதற்குள் முடிந்து, கம்பெனி பெயர் வந்து நிற்கும். குறைந்த செலவில் ஒரே வீட்டுக்குள் படத்தை முடிப்பது அவர்கள் பாணி. லோகோவும் அதையேதான் சொல்கிறது.

'சா' வரிசை படங்களை எடுத்த 'ட்விஸ்டட் பிக்சர்ஸ்' லோகோவில் பேய் இல்லை. எழுத்தை முள்கம்பி இறுக்கும். அந்த படங்களில் வருவதும் பேய் இல்லை, சித்ரவதைதான். பொருத்தம் பாருங்கள்!

சில பெரிய கம்பெனிகள் லோகோவை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றுவார்கள். 'ஹாரி பாட்டர்' படங்களை வரிசையாக பார்த்தவர்களுக்கு தெரியும். முதல் பாகத்தில் பளிச்சென்று வந்த வார்னர் பிரதர்ஸ் சின்னம், பாகம் போகப்போக இருண்டு, கடைசியில் துருப்பிடித்துப்போய் வரும். கதை எப்படி போகப்போகிறது என்பதை அந்த துருவே சொல்லிவிடும்.

இந்தியில் பேய் படம் என்றால் ராம்சே சகோதரர்கள். எப்.யூ.ராம்சேவுக்கு 7 மகன்கள். ஒருவர் கதை, ஒருவர் கேமரா, ஒருவர் சவுண்ட், ஒருவர் எடிட்டிங், இரண்டு பேர் டைரக்‌ஷன் என்று வீட்டுக்குள்ளேயே வேலையை பங்கு போட்டுக்கொண்டார்கள். 1972-ல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே', 1984-ல் 'புரானா மந்திர்'. ராம்சே என்ற பெயரே அவர்களுக்கு லோகோ. போஸ்டரில் அந்த பெயரை பார்த்தாலே டிக்கெட் வாங்குகிறவனுக்கு தெரியும், உள்ளே என்ன காத்திருக்கிறது என்று.

தமிழ் பேய்க்கு முதலில் சாமி!

இங்கேதான் தமிழ் சினிமா தனி ரூட்டில் போகிறது.

நம்ம ஊர் பழைய கம்பெனி சின்னங்களை நினைத்துப்பாருங்கள். ஜெமினி என்றால் ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள். விஜயா என்றால் அனுமன் கொடி. தேவர் பிலிம்ஸ் என்றால் முருகன். நமக்கு பக்கத்தில் சேலத்தில் 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 100 படங்களுக்கு மேல் எடுத்தது. ஏற்காடு ரோட்டில் நிற்கும் அதன் நுழைவு வளைவுதான் இன்றைக்கு அதன் சின்னமாக மிஞ்சி நிற்கிறது. எல்லாமே மங்களகரம். பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, ராகு காலம் பார்த்து ஆரம்பிக்கிற தொழிலில் முதல் காட்சியிலேயே மண்டை ஓட்டை காட்ட எந்த முதலாளிக்கு மனசு வரும்?

பேய் படத்திலேயே இதை பார்க்கலாம். 2011-ல் 'காஞ்சனா' வந்தது. தியேட்டரே அலறியது. அந்த படத்தை தயாரித்த ராகவா லாரன்சின் கம்பெனி பெயர் என்ன? ராகவேந்திரா புரொடக்‌ஷன்ஸ்! அவர் ராகவேந்திரரின் தீவிர பக்தர். சென்னை திருமுல்லைவாயலில் ராகவேந்திரருக்கு கோவிலே கட்டியிருக்கிறார். ஆக, பேய் வருவதற்கு முன்னால் மகான் பெயர் வந்துவிடும்.

(காஞ்சனாவில் சரத்குமார் நடித்த ஆவி ஒரு திருநங்கையின் ஆவி. சித்திரை மாதம் திருநங்கைகள் கூடும் கூவாகம் கூத்தாண்டவர் கோவில் நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.)

'அரண்மனை 4' 2024 மே மாதம் வந்தது. அதை தயாரித்த அவ்னி சினிமாக்ஸ் குஷ்புவின் நிறுவனம். அவ்னி என்பது அவந்திகா, அனந்திதா என்ற இரண்டு மகள்களின் பெயர்ச்சுருக்கம். பேய்க்கும் அந்த பெயருக்கும் சம்பந்தமே இல்லை. 2005-ல் 'சந்திரமுகி'யை எடுத்தது சிவாஜி புரொடக்‌ஷன்ஸ். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதை பார்த்துவிட்டு ஒரு வாரம் ராத்திரியில் தனியாக கொல்லைப்பக்கம் போகாத ஆள்தான் இதை எழுதுகிறார். ஆனால் அந்த படம் ஆரம்பித்தபோது பயம் இல்லை, கைதட்டல்தான்.

இதற்கு சாமி பயம் மட்டும் காரணமல்ல, வியாபாரமும் காரணம். தமிழில் ஒரு கம்பெனி பேய் படத்தை மட்டுமே நம்பி பிழைப்பது கஷ்டம். பொட்டன்ஷியல் ஸ்டூடியோஸ் கம்பெனியின் முதல் படம் நயன்தாரா நடித்த 'மாயா'. 2015-ல் வந்தது. உண்மையிலேயே மிரட்டிய படம். ஆனால் அடுத்து அவர்கள் எடுத்தது 'மாநகரம்', அதன் பிறகு 'மான்ஸ்டர்'. ஒன்று ராத்திரி நேரத்து நகரத்து கதை, இன்னொன்று எலி கதை! முதல் படம் பேய் படம் ஆயிற்றே என்று லோகோவில் மண்டை ஓட்டை வைத்திருந்தால், எலி படத்துக்கு குழந்தைகளோடு வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

பேய், திகில் படம் மட்டுமே எடுப்போம் என்று சொல்லி ஆரம்பித்த கம்பெனியும் இப்போது வந்துவிட்டது. 'நைட் ஷிப்ட் ஸ்டூடியோஸ்'. சென்னையில் 'தமிழ் படம்', 'விக்ரம் வேதா' எடுத்த ஒய்நாட் ஸ்டூடியோஸ் சஷிகாந்த், சக்கரவர்த்தி ராமச்சந்திராவுடன் சேர்ந்து 2023-ல் தொடங்கினார். பெயரே போதும், ராத்திரி வேலை என்று புரிந்துவிடும். முதல் படம் மம்முட்டி நடித்த 'பிரமயுகம்'. 2024 பிப்ரவரியில் கருப்பு வெள்ளையில் வந்து அசத்தியது. அடுத்து 2025 அக்டோபர் 31-ந் தேதி பிரணவ் மோகன்லால் நடித்த 'டீயஸ் ஈரே'. இரண்டுமே மலையாளம். இரண்டுக்கும் ராகுல் சதாசிவன்தான் டைரக்டர். நம்ம சென்னைக்காரர் தொடங்கிய கம்பெனி, முதல் பேயை கேரளாவில் போய் பிடித்திருக்கிறது!

கூத்துமேடையில் பார்த்ததுதான்

யோசித்துப்பார்த்தால், இந்த லோகோ சமாசாரம் விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்துக்காரர்களுக்கு புதுசே கிடையாது.

பாரதக்கூத்து பார்த்தவர்களுக்கு தெரியும். முதலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம்தான் வேஷம். அந்த வேஷமும் சட்டென்று வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணியை திரையாக பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துச்சாதனன் அதற்கு பின்னால் நிற்பான். ஆள் தெரியாது. சலங்கை சத்தம் மட்டும் கேட்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். திரைத்துணி நடுங்கும். மிருதங்கம் ஏறும். முகவீணை கத்தும். கட்டியக்காரன் பயந்தமாதிரி ஒதுங்கி நின்று 'யாரப்பா நீ' என்று கேட்பான். கோணிப்பையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதற்குள் பாட்டி மடியில் ஏறிவிடும். திரை விலகும்போது பாதி பயம் ஏற்கனவே முடிந்திருக்கும்.

சத்தம் முதலில், முகம் கடைசியில். புளும்ஹவுஸ்காரன் கோடி ரூபாய் கம்ப்யூட்டரில் செய்வதும் இதுதான். சாமிக்கு முதல் இடம், பயத்துக்கு இரண்டாம் இடம் என்ற தமிழ் சினிமா வழக்கமும் இங்கே இருந்துதான் போயிருக்கவேண்டும் என்பது எனது எண்ணம். 

அப்படி இருக்கும்போது நம்ம பையன்கள் எதற்கு அமெரிக்காக்காரன் கதவை கடன் வாங்கவேண்டும்?

மூன்று முறை மாட்டினால் சேனல் காலி

இப்போது அந்த வில்லங்கத்துக்கு வருவோம்.

லோகோவின் படம், அதன் இசை எல்லாமே காப்புரிமை உள்ள சொத்து. பதிவு செய்தால்தான் உரிமை என்பது கிடையாது. உருவாக்கியவுடனேயே உரிமை வந்துவிடும். உரிமையாளர் யூடியூப்பில் புகார் கொடுத்தால் வீடியோ நீக்கப்பட்டு சேனலுக்கு 'ஸ்டிரைக்' விழும். ஒரு ஸ்டிரைக் 90 நாள் நிற்கும். அதற்குள் மொத்தம் 3 ஸ்டிரைக் சேர்ந்துவிட்டால் சேனலையே மூடிவிடுவார்கள். ராத்திரி பகலாக எடுத்த மற்ற குறும்படங்களும் சேர்ந்து போய்விடும்.

'படம் முழுக்க என்னுது, லோகோ மட்டும்தானே 10 வினாடி' என்ற வாதம் எடுபடாது. 10 வினாடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்று பையன்கள் மத்தியில் ஒரு வதந்தி உலவுகிறது. அப்படி ஒரு சட்டமே கிடையாது.

லாபத்துக்காக தெரிந்தே காப்புரிமையை மீறினால், இந்திய காப்புரிமை சட்டம் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. கள்ளக்குறிச்சி குறும்படத்துக்காக ஹாலிவுட் வக்கீல் பஸ் ஏறி வரப்போவதில்லைதான். ஆனால் சேனலில் விளம்பர வருமானம் வர ஆரம்பித்து, படம் நாலு பேர் கண்ணில் பட்டு, ஓ.டி.டி. கம்பெனி வாங்க வரும்போதுதான் பிரச்சினை வெடிக்கும். எல்லா உரிமையும் உன்னிடம் இருக்கிறதா என்று முதல் கேள்வியாக கேட்பார்கள்.

லோகோவை நண்பரிடமோ, கிராபிக்ஸ் கடையிலோ காசு கொடுத்து செய்து வாங்கினால், உரிமை உங்களுக்கே என்று ஒரு பேப்பரில் எழுதி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கு தோள் மேல் கை போட்டு நிற்கும் நண்பன், படம் ஹிட் ஆனபிறகு லோகோ என்னுது என்று வரமாட்டான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சொந்த லோகோவை டிரேடு மார்க்காகவும் பதிவு செய்யலாம். சினிமா தயாரிப்பு 41-வது வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு கட்டணம் ரூ.4 ஆயிரத்து 500. பெரிய கம்பெனிகளுக்கு ரூ.9 ஆயிரம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டுக்கான பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

சத்தத்தையும் பதிவு செய்யலாம் என்பது பலருக்கு தெரியாது. இந்தியாவில் முதல் முதலாக 2008-ம் ஆண்டு 'யாஹூ' நிறுவனம் தன் பெயரை ராகம் போட்டு கூப்பிடும் சத்தத்தை பதிவு செய்தது. 2017 விதிகளின்படி சத்தத்தை 30 வினாடிக்கு மிகாமல் எம்.பி.3 வடிவில், அதற்கான இசைக்குறிப்போடு கொடுக்கவேண்டும்.

இன்னொரு விஷயம். லோகோவில் காடு, அருவி காட்டவேண்டும் என்று கேமராவை தூக்கிக்கொண்டு ராத்திரியில் கல்வராயன்மலை காப்புக்காட்டுக்குள் போய்விடவேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போனால் வழக்குதான். மேகம் அருவி, பெரியார் அருவி பாறைகள் பகலிலேயே வழுக்கும். காட்டுச் சத்தம் வேண்டுமானால் கரியாலூர் ரோட்டோரத்தில் சாயங்காலம் 6 மணிக்கு வண்டியை ஓரம் கட்டி செல்போனை ஆன் செய்தால் போதும். சில்வண்டு கத்தும் கத்தில் வேறு வாத்தியமே தேவைப்படாது. ஊர்க்காரர்கள் வீட்டையோ, குலசாமி கோவிலையோ பேய் வீடாக காட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டும். மலையில் குடியிருப்பவர்களுக்கு அது லொகேஷன் இல்லை, வீடு.

கூத்து சலங்கையை பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் அதே பேச்சுதான். மேடையில் ஆடும் கலைஞருக்கு தன் ஆட்டத்தின் மேலும் பாட்டின் மேலும் சட்டப்படி தனி உரிமை இருக்கிறது. கூத்து நடக்கும்போது திருட்டுத்தனமாக செல்போனை நீட்டாமல், விடிந்து வேஷம் கலைத்தபிறகு வாத்தியாரிடம் போய் கேளுங்கள். கேட்கும் பணத்தை கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, திரைக்கு பின்னால் ஆடும் அந்த ஒரு நிமிட சலங்கையை தனியாக ஆடவைத்து பதிவு செய்துகொள்ளலாம்.